இரண்டும் ஒன்றல்ல என்று நிறுவியவர்: கணித மேதை சி.பி. ராமானுஜத்தின் வாழ்வும் பணியும்

பெங்களூரு: ராமானுஜன் என்ற பெயரைக் கேட்டதும் கும்பகோணத்தில் வளர்ந்து கேம்பிரிட்ஜ் வரை சென்ற சீனிவாச ராமானுஜனே நினைவுக்கு வருவார். ஏறக்குறைய அதே பெயரைத் தாங்கிய இன்னொரு கணித மேதையும் தமிழ்நாட்டில் பிறந்தார். அவர் சென்னையில் பயின்று, மும்பையில் ஆய்வு செய்து, பெங்களூருவில் தமது 36-வது வயதில் மறைந்தார். சக்கரவர்த்தி பத்மநாபன் ராமானுஜம் என்னும் சி.பி. ராமானுஜம்தான் அவர். கணித உலகம் இன்றும் அவர் பெயரால் ஒரு பரப்பையும் சில தேற்றங்களையும் அழைத்து வருகிறது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்து வெளிவரும் 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' உலகின் முதன்மையான கணித இதழ்களுள் ஒன்று. 1971-ம் ஆண்டு அதில் ராமானுஜத்தின் கட்டுரை ஒன்று வெளியானது. வழக்கமான சோதனைகள் அனைத்திலும் தளத்தைப் போலவே தோன்றும் ஒரு பரப்பை அவர் அதில் கட்டிக் காட்டினார். பின்னர் அது தளம் அல்ல என்பதையும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். இரு பொருள்கள் ஒன்றே என்று காட்டுவதைவிட, அவை வேறு வேறு என்று நிறுவுவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்கள் அந்தக் கட்டுரையின் மதிப்பை உடனே உணர்ந்தனர்.

சென்னையில் தொடங்கிய பயணம்:

1938-ம் ஆண்டு ஜனவரி 9-ம் தேதி சென்னையில் ராமானுஜம் பிறந்தார். அவரது தந்தை சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தார். வேப்பேரியில் உள்ள முத்தையா செட்டியார் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்த அவர், 1952-ல் லயோலா கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் ஆனர்ஸ் பட்டப் படிப்பை அங்கேயே மேற்கொண்டார்.

லயோலாவில் அப்போது பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவியான சார்லஸ் ரசீன் கணிதம் கற்பித்து வந்தார். ஐரோப்பாவின் புதிய கணிதத்தை நேரடியாக அறிந்தவர் அவர். தேர்வு மதிப்பெண்ணைவிடச் சிந்திக்கும் ஆற்றலையே அவர் மாணவரிடம் தேடினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி ஆகிய இருவரும் அவரிடம் பயின்றவர்களே. ராமானுஜத்திடம் சொந்தமாகச் சிந்திக்கும் மனமும் தணியாத ஆர்வமும் இருப்பதைக் கண்ட ரசீன், மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்குமாறு அவரை ஊக்குவித்தார்.

1957-ல் ராமானுஜம் அந்த நிறுவனத்தில் சேர்ந்தார். லயோலாவில் உடன் பயின்ற நண்பர் ராகவன் நரசிம்மனும் அவருடன் சேர்ந்தார். ஹோமி பாபா நிறுவிய அந்த ஆய்வுக் கூடம் அப்போது கொலாபாவின் கடற்கரை வளாகத்துக்கு இடம் பெயர்ந்திருக்கவில்லை. அப்பல்லோ பந்தர் பகுதியில் இருந்த பழைய படகு மன்றக் கட்டிடத்தில்தான் இயங்கி வந்தது. அதன் கணிதப் பிரிவை கே. சந்திரசேகரன் கட்டியெழுப்பிக் கொண்டிருந்தார். வெளிநாட்டுப் பேரறிஞர்கள் வந்து விரிவுரை ஆற்றுவதும், இளம் ஆய்வாளர்கள் அவற்றைக் குறிப்பெடுத்து நூலாக்குவதும் அங்கு நிலைத்துவிட்ட மரபு.

எண் கோட்பாட்டில் முதல் வெற்றி:

அங்கு கே.ஜி. ராமநாதனின் வழிகாட்டலில் ராமானுஜம் எண் கோட்பாட்டில் ஆய்வைத் தொடங்கினார். முதல் சில ஆண்டுகள் எளிதாக அமையவில்லை. எடுத்துக்கொண்ட கணக்கு பிடி கொடுக்காதபோது, தமக்கு ஆய்வு ஏற்றதுதானா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. நிறுவனத்தை விட்டு விலகிக் கல்லூரி ஆசிரியர் பணிக்குச் சென்றுவிடலாமா என்றுகூட எண்ணினார்.

1963-ல் அந்தத் தடை உடைந்தது. எந்த ஒரு இயற்கணித எண் களத்தை எடுத்துக்கொண்டாலும், 54 மாறிகள் கொண்ட ஒவ்வொரு முப்படிச் சமன்பாட்டு வடிவத்துக்கும் எல்லாம் சுழியாக அமையாத ஒரு தீர்வு உண்டு என்று அவர் நிறுவினார். எண்களை அடுக்குகளின் கூட்டலாக எழுதுவது பற்றிய வாரிங் கணக்கை எண் களங்களுக்கு விரிவாக்குவதில், ஜெர்மானிய மேதை கார்ல் லூட்விக் சீகல் எழுப்பியிருந்த வினா ஒன்று இருந்தது. அதற்கான விடைக்கும் ராமானுஜம் முக்கியப் பங்களித்தார். பின்னர் அவரது முனைவர் பட்ட ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களுள் சீகலும் ஒருவர். ஆய்வேட்டின் தரமும் ராமானுஜத்தின் புலமையும் அவரைக் கவர்ந்தன.

இந்த வெற்றிகளைத் தொடர்ந்து நிறுவனம் அவருக்குப் பதவி உயர்வு அளித்தது. அதற்குத் தாம் தகுதியானவர் அல்லர் என்று கூறி ராமானுஜம் அதை ஏற்கத் தயங்கினார். நண்பர்கள் வற்புறுத்திய பிறகே இசைந்தார். அவரது வாழ்வு முழுவதும் இந்த இயல்பு தொடர்ந்தது. பிறர் அவர் பணியை எவ்வளவு உயர்வாக மதித்தாலும், அவர் தமக்கென வைத்திருந்த அளவுகோல் அதைவிட உயரத்திலேயே இருந்தது.

வடையும் போண்டாவும் ஒன்றா?

ராமானுஜத்தின் பெயரை நிலைநிறுத்திய கட்டுரையைப் புரிந்துகொள்ள, டோபாலஜி எனப்படும் இடவியலின் அடிப்படை வினா ஒன்றை அறிந்துகொள்வது அவசியம். இடவியலில் நீளம், கோணம், பரப்பளவு ஆகியவற்றுக்கு இடமில்லை. ஒரு பொருளை ரப்பரால் ஆனதாகக் கருதி, கிழிக்காமலும் ஒட்டாமலும் இழுத்தும் வளைத்தும் மற்றொன்றாக மாற்ற முடிந்தால், இவ்விரண்டும் இடவியலில் ஒன்றே. கைப்பிடி உள்ள காபிக் கோப்பையை மெல்ல வளைத்து, நடுவில் துளையுள்ள உளுந்து வடையாக மாற்றிவிடலாம். அந்த வடையைத் துளையற்ற போண்டாவாக மாற்ற முடியாது.

முடியாது என்று சொல்வது எளிது. அதை நிறுவுவதில்தான் சிக்கல் இருக்கிறது. இரண்டு பொருள்கள் ஒன்றே என்று காட்ட, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் ஒரே ஒரு வழியைக் கண்டுபிடித்தால் போதும். அவை வேறு என்று காட்ட வேண்டுமானால், எண்ணிலடங்கா வழிகளுள் ஒன்றுகூடப் பயன்படாது என்று நிறுவியாக வேண்டும். ஆயிரம் முறை முயன்று தோற்றதாகச் சொன்னால் அது நிறுவலாகாது. ஆயிரத்து ஓராவது முயற்சி வென்றுவிடக்கூடும்.

இதைக் கடக்கக் கணிதவியலர்கள் கண்ட வழி, எப்படி வளைத்தாலும் மாறாத பண்பு ஒன்றைத் தேடுவது. அத்தகைய பண்பு ஒரு பொருளில் இருந்து மற்றொன்றில் இல்லையென்றால், இரண்டும் ஒன்றல்ல என்பது ஒரே வீச்சில் முடிவாகிவிடும். ஒரு கோட்டில் இருந்து ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் கோடு இரண்டு துண்டாகும். ஒரு தளத்தில் இருந்து ஒரு புள்ளியை எடுத்தாலோ, அந்தப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு எங்கும் போகலாம், தளம் துண்டாவதில்லை. ஆகவே கோடும் தளமும் வேறு வேறு.

வடைக்கும் போண்டாவுக்கும் வேறொரு பண்பு உதவும். எறும்பு ஒன்று நூலை இழுத்தபடி வடையின் மீது துளையை ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருவதாகக் கொள்வோம். வடையின் மேற்பரப்பை விட்டு விலகாமல் அந்த நூல் வளையத்தை ஒரு புள்ளியாகச் சுருக்க முடியாது. நடுவில் இருக்கும் துளை தடுத்துவிடும். போண்டாவின் மீது எறும்பு எப்படிச் சுற்றி வந்தாலும், நூலை வழுக்கி இழுத்து முழுவதும் சுருக்கிவிடலாம். இத்தகைய வளையங்களைத் தொகுத்துக் கணக்கிடும் கருவிக்கு அடிப்படைக் குலம் என்று பெயர். 1895-ல் பிரெஞ்சு மேதை ஆன்ரி புவான்காரே இதை அறிமுகப்படுத்தினார்.

எந்தச் சோதனையும் முழுமையானதல்ல என்பதையும் புவான்காரேயே முதலில் உணர்ந்தார். ஹோமாலஜி என்ற துளைகளை எண்ணும் சோதனை ஒன்றே முப்பரிமாணக் கோளத்தை அடையாளம் காணப் போதும் என்று 1900-ல் அவர் கருதினார். 1904-ல் அதைத் தாமே திருத்தினார். அந்தச் சோதனையில் கோளத்தைப் போலவே விடை தரும், ஆனால் கோளம் அல்லாத ஒரு வெளியை அவர் கட்டினார். அதன் அடிப்படைக் குலத்தைக் கணக்கிட்டே அது கோளத்தில் இருந்து வேறானது என்று காட்டினார். 67 ஆண்டுகளுக்குப் பின் ராமானுஜத்தின் கட்டுரையில் இதே வகை வெளி மீண்டும் தலைகாட்டியது.

நோயும் பணியும்:

1964-ல் டாடா நிறுவனத்தில் பன்னாட்டுக் கணிதக் கருத்தரங்கு ஒன்று நடைபெற்றது. அதில் ராமானுஜம் பங்கேற்றதைத் தொடர்ந்து அலெக்சாண்டர் குரோத்தெண்டீக், டேவிட் மம்ஃபோர்டு ஆகியோரின் மதிப்பை அவர் பெற்றார். இயற்கணித வடிவியலை அடியோடு மாற்றியமைத்தவர் குரோத்தெண்டீக். மம்ஃபோர்டு அத்துறையின் முன்னணி இளைஞராக இருந்தார். பாரிசுக்கும் ஹார்வர்டுக்கும் ராமானுஜத்துக்கு அழைப்புகள் வந்தன.

அதே காலத்தில்தான் நோயும் வந்தது. கடுமையான மனச்சோர்வுடன் கூடிய மனச்சிதைவு நோய் அவருக்கு இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தனர். அப்போது அவருக்கு வயது 26. பாரிஸ் தங்கலை நோய் பாதியில் முடித்து வைத்தது. சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்த அவர், சில மாதங்களிலேயே சென்னைக்குத் திரும்பிச் சிகிச்சை பெற நேர்ந்தது. அந்தக் குறுகிய காலத்திலும் சண்டிகர் மாணவர்களிடையே கணித ஆர்வத்தை அவர் விதைத்தார். அங்கு அவரைச் சந்தித்த இளைஞர் சி. முசிலி பின்னாளில் பெயர் பெற்ற கணிதவியலராக உயர்ந்தார்.

அன்றைய இந்தியாவில் மனநோய்க்கான மருத்துவமும் அதைப் பற்றிய புரிதலும் மிகக் குறைவு. இன்று மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைத்து, தமிழிலேயே பேசி உதவி பெற முடிகிறது. ராமானுஜத்தின் காலத்தில் அத்தகைய வசதி எதுவும் இல்லை. நோய் தணிந்திருந்த மாதங்களில் பணி செய்வதும், அது மீண்டும் தலைதூக்கும்போது ஒதுங்கிக்கொள்வதும் அவர் வாழ்க்கையாயிற்று. நோயின் பிடியில் பலமுறை அவர் வேலையை விட்டு விலக முற்பட்டார்.

மும்பைக்குத் திரும்பிய ராமானுஜம், ரஷ்ய மேதை இகோர் ஷஃபரேவிச் ஆற்றிய விரிவுரைகளைக் குறிப்பெடுத்து எழுதும் பணியை ஏற்றார். கேட்டதை அப்படியே எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. பிழைகளைத் திருத்தி, விடுபட்ட நிறுவல்களைத் தாமே நிரப்பினார். அந்த நூல் ராமானுஜத்துக்குப் பட்ட கடனை ஷஃபரேவிச் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

1967-68-ல் மும்பைக்கு வந்த மம்ஃபோர்டு, ஏபெல் பரப்பினங்கள் குறித்து விரிவுரையாற்றினார். அவற்றையும் ராமானுஜமே எழுதி ஒழுங்குபடுத்தினார். 1970-ல் வெளியான அந்த நூல் அத்துறையின் அடிப்படை நூலாக இன்றும் பயிலப்படுகிறது. அதன் முகப்பில் மம்ஃபோர்டின் பெயரோடு ராமானுஜத்தின் பெயரும் இடம்பெற்றுள்ளது. மூல நூல்களை அவை எழுதப்பட்ட மொழியிலேயே படிக்க வேண்டும் என்பதற்காக பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ரஷ்யன் ஆகிய மொழிகளை ராமானுஜம் கற்றிருந்தார்.

ராமானுஜம் பரப்பு:

கணிதத்தில் தளம் என்றதும் இரண்டு அச்சுகள் கொண்ட தாளே கண்முன் வரும். இயற்கணித வடிவியலில் அந்த இரண்டு அச்சுகளிலும் கலப்பெண்கள் அமைகின்றன. ஒவ்வொரு கலப்பெண்ணுக்கும் இரண்டு மெய்யெண்கள் தேவை என்பதால், இந்தத் தளம் உண்மையில் நான்கு பரிமாணங்கள் கொண்டது. அதை முழுவதுமாக ஒரு புள்ளிக்குச் சுருக்கிவிடலாம். எந்த இடத்திலும் துளையோ குழியோ அதில் கிடையாது.

கணிதவியலர்களிடையே அப்போது நிலவிய வினா இதுதான். சமன்பாடுகளால் வரையறுக்கப்பட்ட, கூர்முனையோ மடிப்போ இல்லாத ஒரு பரப்பும் இதேபோல ஒரு புள்ளிக்குச் சுருங்கும் என்றால், அது தளமேதானா? ஒரு பரிமாணம் குறைந்த நிலையில், அதாவது வளைவரைகளுக்கு, விடை ஆம். பரப்புகளுக்கும் அவ்வாறே இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. வழக்கமான எல்லாச் சோதனைகளிலும் அத்தகைய பரப்பு தளத்தைப் போலவே விடை தரும்.

அவ்வாறு இல்லை என்று ராமானுஜம் காட்டினார். கூர்முனை உடைய ஒரு முப்படி வளைவரையையும் ஒரு கூம்பு வளைவரையையும் அவர் எடுத்துக்கொண்டார். இவை இரண்டும் வீழ்ப்புத் தளத்தில் மொத்தம் ஆறு முறை வெட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஆறில் ஐந்து ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியுமாறும், எஞ்சிய ஒன்று தனித்து நிற்குமாறும் அவற்றை அமைத்தார். தனித்து நின்ற புள்ளியை விரித்து ஒரு புதிய கோடாக மாற்றினார். அதன்பின் இரண்டு வளைவரைகளையும் நீக்கிவிட்டார். எஞ்சிய பரப்பு ஒரு புள்ளிக்கு முழுமையாகச் சுருங்கக்கூடியது. ஆயினும் அது தளம் அல்ல.

வேறுபாட்டை எங்கே தேடுவது என்பதுதான் இதில் உள்ள கடினமான பகுதி. பரப்பின் உள்ளே எங்கு தேடினாலும் பயனில்லை. எல்லா வளையங்களும் அங்கே சுருங்கிவிடும். ராமானுஜம் பரப்பின் தொலைதூர விளிம்பை, அதாவது முடிவிலியை நோக்கித் தம் பார்வையைத் திருப்பினார்.

முப்பரிமாண வெளியில் ஒரு பெரும் உருண்டை இருப்பதாகவும், அதைச் சுற்றி நூல் வளையம் ஒன்று கிடப்பதாகவும் கொள்வோம். உருண்டையைத் தொடாமலும் ஊடுருவாமலும் அந்த வளையத்தை ஒரு பக்கமாக வழுக்கி எடுத்துச் சுருக்கிவிடலாம். நான்கு பரிமாணங்களிலும் இது நடக்கும். ஆகவே கலப்பெண் தளத்தில் எவ்வளவு தொலைவில் ஒரு வளையம் இருந்தாலும், மையப் பகுதிக்கு வராமலே அதைச் சுருக்க முடியும்.

ராமானுஜத்தின் பரப்பில் இது நடப்பதில்லை. எவ்வளவு தொலைவுக்குச் சென்றாலும், அங்கே சுருக்க முடியாத வளையங்கள் இருந்துகொண்டே இருக்கும். உள்ளே இழுத்து வந்தால் மட்டுமே அவை சுருங்கும். அந்த விளிம்பு ஹோமாலஜி சோதனையில் கோளத்தைப் போலவே விடை தரும் முப்பரிமாண வெளி. புவான்காரே 1904-ல் கட்டியதும் இதே வகையைச் சேர்ந்தது. அதன் அடிப்படைக் குலத்தைக் கணக்கிட்டு, அது வெறுமையானதல்ல என்று ராமானுஜம் நிறுவினார். எவ்வளவு வளைத்தாலும் இழுத்தாலும் இந்தப் பண்பு மாறாது. ஆகவே அந்தப் பரப்பைத் தளமாக மாற்றும் வழி எதுவுமே இல்லை.

கட்டுரையின் மற்றொரு பாதி இன்னும் வியப்பானது. ஒரு பரப்பு ஒரு புள்ளிக்குச் சுருங்குவதோடு, அதன் முடிவிலியில் உள்ள வளையங்களும் அங்கேயே சுருங்கும் என்றால், அது தளமேதான் என்று ராமானுஜம் நிறுவினார். ரப்பரைப் போல வளைத்துப் பெறும் சமம் மட்டும் அன்று அது. சமன்பாடுகள் வழியாகவே ஒன்றாகிவிடும் முழுச் சமம். பரப்பு தளம்தானா அல்லவா என்பதைத் தீர்மானிக்க எந்தச் சோதனை போதும், எது போதாது என்ற இரண்டையும் ஒரே கட்டுரையில் அவர் முடித்து வைத்தார்.

தமது பரப்பை ஒரு கலப்பெண் கோட்டால் பெருக்கி மேலும் ஒரு கலப்பெண் பரிமாணத்தைச் சேர்த்தால், முடிவிலியில் இருந்த அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது என்பதையும் அவர் கவனித்தார். அப்படிக் கிடைக்கும் ஆறு மெய்ப்பரிமாண வெளி, இடவியலில் சாதாரண வெளியேதான். ஆனால் சமன்பாடுகளின் கண்ணால் பார்க்கும்போதும் அது சாதாரண வெளிதானா? இந்த வினாவுக்கு, 1977-ல் ஜப்பானியக் கணிதவியலர்கள் ஈடாகா, ஃபுஜிடா ஆகியோர் நிறுவிய தேற்றத்தின் வழியே விடை கிடைத்தது. அது வேறு வெளி என்பது உறுதியாயிற்று. அந்த விடையைக் காண ராமானுஜம் உயிரோடு இல்லை.

பெங்களூருவில் இறுதி நாட்கள்:

இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகம் 1970-71-ம் கல்வியாண்டை இயற்கணித வடிவியலுக்கென ஒதுக்கியது. மம்ஃபோர்டின் அழைப்பின் பேரில் ராமானுஜம் அங்கு சென்றார். இத்தாலியக் கணிதவியலர்களிடையேயும் அவருக்குப் பெரும் மதிப்பு உருவானது. 1972-ல் குனிஹிகோ கொடைராவின் புகழ்பெற்ற தேற்றம் ஒன்றை விரிவாக்கி அவர் எழுதிய கட்டுரை, இன்று கொடைரா-ராமானுஜம் தேற்றம் என்ற பெயரில் பயன்பாட்டில் உள்ளது.

1973-ல் இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். மும்பையை விட்டு விலக விரும்பிய அவரை இழக்க டாடா நிறுவனம் ஒப்பவில்லை. பயன்பாட்டுக் கணிதத்துக்காகப் பெங்களூருவில் தொடங்கியிருந்த மையத்தில் பணியாற்ற அவருக்கு வழி செய்தது. அங்கு இளம் ஆய்வாளர்களுக்கு அவர் வகுப்பெடுத்தார்.

முதலாண்டு மாணவரிடமும் மூத்த பேராசிரியரிடமும் ஒரே ஈடுபாட்டுடன் அவர் உரையாடியதை மம்ஃபோர்டு பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். எடுத்துக்கொண்ட பொருளில் ஏதோ ஒரு தேற்றத்தை நிறுவினால் போதும் என்று ராமானுஜம் நினைத்ததில்லை. அந்தப் பொருளுக்கே உரிய சரியான தேற்றத்தை அடைய வேண்டும் என்று தம்மையே அவர் வருத்திக்கொண்டார். மிகக் குறைவாகவே அவர் எழுதியதற்கும், எழுதியவை நிலைத்து நின்றதற்கும் இதுவே காரணம்.

பெங்களூருவிலும் நோய் அவரை விடவில்லை. 1974-ம் ஆண்டு அக்டோபர் 27-ம் தேதி அவர் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். 37-வது பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டரை மாதங்கள்கூட இல்லை. அவரது நெருங்கிய நண்பரான மம்ஃபோர்டுக்குக் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டு அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன.

மறைவுக்குப் பின்:

வியட்நாமில் பிறந்த பிரெஞ்சுக் கணிதவியலர் லே டூங் திராங்குடன் இணைந்து ராமானுஜம் எழுதிய கட்டுரை, அவர் மறைந்த பிறகு 1976-ல் வெளியானது. சமன்பாடு ஒன்றின் கெழுக்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போகும்போது, அதன் கூர்முனையின் வடிவம் எப்போது மாறாமல் நிற்கும் என்பதே அதன் பொருள். மில்னர் எண் என்ற ஒரே ஓர் எண் மாறாமல் இருந்தால், இடவியல் வடிவமும் மாறாது என்று இருவரும் நிறுவினர். ஒரே ஒரு பரிமாணத்தை மட்டும் அவர்களது முறை எட்டவில்லை. இந்த ஆய்வும், எது ஒன்று, எது வேறு என்ற அதே பழைய வினாவின் மற்றொரு முகமே.

1978-ல் அவரது ஆய்வுக் கட்டுரைகளையும் உலகக் கணிதவியலர்கள் அவருக்காக எழுதிய கட்டுரைகளையும் தொகுத்து, டாடா நிறுவனம் நினைவு மலர் ஒன்றை வெளியிட்டது. இத்தாலியின் ஜெனோவா பல்கலைக்கழகக் கணிதத் துறையில் ஓர் அரங்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் திறந்துவிட்ட பாதையில் இந்தியர்கள் தொடர்ந்து நடந்தனர். ஒரு புள்ளிக்குச் சுருங்கும் பரப்புகள் அனைத்தையும் எளிய மாறிகளைக் கொண்டு விவரிக்க முடியும் என்பதை, டாடா நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.வி. குர்ஜரும் அனந்த் சாஸ்திரியும் 1989-ல் வெளியான கட்டுரைகளில் நிறுவினர். இரு வெளிகளை ஒரே கோட்டால் பெருக்கினால் கிடைப்பவை ஒன்றாக இருக்குமானால், மூல வெளிகளும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா என்ற ஜாரிஸ்கியின் வினாவுக்கு, நேர்மச் சிறப்பியல்பு கொண்ட களங்களில் இல்லை என்ற விடையை கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த நீனா குப்தா 2014-ல் அளித்தார். வளரும் நாடுகளின் இளம் கணிதவியலர்களுக்காக சீனிவாச ராமானுஜனின் பெயரில் வழங்கப்படும் பன்னாட்டுப் பரிசு 2021-ல் அவருக்குக் கிடைத்தது.

ராமானுஜம் விட்டுச் சென்ற கட்டுரைகள் எண்ணிக்கையில் சிலவே. அவற்றுள் 1971-ம் ஆண்டுக் கட்டுரை, தோற்றத்தில் ஒன்றாக இருப்பவற்றை ஒன்றே என்று முடிவு செய்துவிடும் அவசரத்துக்கு எதிராக நிற்கிறது. உள்ளே எல்லாச் சோதனைகளும் ஒத்துப்போன பிறகும், பரப்பின் தொலைதூர விளிம்பு வரை சென்று பார்க்க வேண்டும் என்பதை அது காட்டியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும், ஒரு பரப்பு தளம்தானா என்று அறிய விரும்பும் ஆய்வாளர்கள் ராமானுஜம் சுட்டிக்காட்டிய அதே இடத்தில், முடிவிலியில்தான் தேடுகின்றனர்.